குப்பை வண்டிக்கும் ஆட்களுக்கும் தனித்தனிக் கணக்கு கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகராட்சிகளின் குப்பை சேகரிப்புச் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறிவருவது குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். செலவு ஏறுகிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சம்பளத்தை ஒரு தலைப்பிலும் வாகனச் செலவை மற்றொரு தலைப்பிலும் எழுதிவைத்து, ஆட்களைக் குறைத்துப் பெரிய வண்டிகளை வாங்கினால் பணம் மிச்சமாகும் என்று கட்டுரையாளர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நகராட்சி வாகனப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வண்டிப் பதிவேடு எழுதியவன் நான். அந்த அனுபவத்தைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

குப்பை வண்டியைப் பிற சரக்கு வண்டிகளோடு ஒப்பிடவே கூடாது. சில அடிகளுக்கு ஒருமுறை நின்று நின்று கிளம்புவதால் கிளட்ச் பிளேட்டும் பிரேக்கும் வெகு சீக்கிரம் தேய்கின்றன. நிற்கும்போதும் குப்பையை அமுக்கும் ஹைட்ராலிக் தகட்டை இயக்க எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பதிவேட்டில் கிலோமீட்டர் குறைவாக இருக்கும், எஞ்சின் உழைத்த நேரமோ மிக அதிகமாக இருக்கும். கிலோமீட்டரை மட்டும் பார்த்து எண்ணெய் மாற்றினால், உரிய காலத்துக்கு முன்பே எஞ்சினைப் பிரிக்க வேண்டிவரும். இது போதாதென்று, குப்பையிலிருந்து வடியும் நீர் அடித்தகட்டை அரித்துத் தின்கிறது.

ஒருநாள் விடியற்காலையில் எங்கள் வண்டி ஒன்றில் ஹைட்ராலிக் குழாய் வெடித்துவிட்டது. கைக்கு அடக்கமான, விலை குறைந்த பொருள்தான். கிடங்கில் இருப்பு இல்லை. விலைப்புள்ளி பெற்று, ஒப்புதல் வாங்கி, குழாய் வந்து சேர மூன்று நாளாயிற்று. மாற்று வண்டியும் கிடையாது, ஏனென்றால் 'சும்மா நிற்கிறது' என்று காரணம் காட்டி முந்தைய ஆண்டே அதை ஏலம் விட்டிருந்தார்கள். அந்த வண்டியின் ஓட்டுநரும் நான்கு பணியாளர்களும் மூன்று நாளும் கையெழுத்திட்டுவிட்டுக் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு தேங்கிய குப்பையை அள்ள வாடகை டிப்பரும் மிகைநேர ஊதியமும் தேவைப்பட்டன. கணக்கில் பழுதுச் செலவாகப் பதிவானது குழாயின் விலை மட்டுமே. மிகைநேர ஊதியம் பணியாளர் செலவில் ஏறிவிட்டது. பணியாளர் செலவு கூடிவிட்டது என்று சொல்லி ஆட்குறைப்புக்கு வாதாடுபவர்கள் இப்படிப்பட்ட கணக்கைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

ஆள் கணக்கிலும் இதே பிழை நேர்கிறது. நாள்தோறும் 100 இடங்களில் ஆள் நிற்க வேண்டுமென்றால் 100 பேர் போதமாட்டார்கள். ஆண்டின் 365 நாளில் வார ஓய்வுக்கு 52 நாள் போகிறது. விடுப்பு, நோய், பொது விடுமுறை எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 30 நாள் என்று கொண்டால் அவர் பணிக்கு வருவது 283 நாள்தான். அப்படியானால் 100 இடங்களை நிரப்ப 129 பேர் வேண்டும். அந்த 29 பேரைத்தான் 'உபரி' என்று வெட்டுகிறார்கள். மூன்று பேர் ஏற்றவேண்டிய வண்டியில் இரண்டு பேர் ஏற்றினால், முதல் நடை முடியவே நண்பகல் ஆகிவிடும். இரண்டாம் நடை நடக்காது. பெரும் விலை கொடுத்து வாங்கிய வண்டி அரைநாள் வேலையோடு கொட்டகைக்குத் திரும்பும். ஈரக் குப்பைத் தொட்டியை நாளெல்லாம் இருவராகவே தூக்குகிறவர்களின் முதுகு என்னவாகும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

குப்பையை அமுக்கி ஏற்றும் பெரிய கம்பாக்டர் வண்டியே தீர்வு என்பதும் எல்லா ஊருக்கும் பொருந்தாது. காகிதமும் அட்டையும் நெகிழியும் மிகுந்த குப்பையை அமுக்கினால் கன அளவு பாதிக்கும் கீழே குறையும். உணவுக்கழிவு மிகுந்த ஈரக் குப்பை அமுக்குவதற்கு முன்பே அடர்த்தியானது. அதை அமுக்கினால் பெரும்பாலும் நீர்தான் பிரிந்து வரும். மேலும், குப்பைக் கிடங்கு தொலைவில் இருக்கும் ஊர்களில் ஏற்றும் பணியாளர்கள் தங்கள் நேரத்தில் பெரும்பகுதியை வண்டியில் உட்கார்ந்தே கழிக்கிறார்கள். இடையில் ஒரு மாற்று நிலையம் அமைத்து, சிறு வண்டிகள் அங்கே கொட்டிவிட்டு உடனே தெருவுக்குத் திரும்பும்படி செய்தால், அதே ஆட்களைக் கொண்டு கூடுதல் வேலை நடக்கும்.

குறைந்த வருவாய் நாடுகளின் நகராட்சிகள் தங்கள் வரவுசெலவில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கைக் குப்பை மேலாண்மைக்குச் செலவிடுகின்றன என்று உலக வங்கியின் 2018ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. இவ்வளவு பெரிய தொகையை இரண்டு தலைப்புகளின் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துச் சீர்செய்ய முடியாது. அடுத்த முறை இத்தகைய கட்டுரை வெளியிடும்போது, ஒவ்வொரு வண்டியும் ஆண்டில் எத்தனை நாள் பழுதாகி நின்றது, அந்த நாள்களில் அதன் பணியாளர்கள் என்ன செய்தார்கள், ஒரு நடைக்கு எத்தனை டன் ஏற்றப்பட்டது என்பவற்றையும் நகராட்சியிடம் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன். இந்த விவரங்கள் வண்டிப் பதிவேட்டிலும் எடைமேடைச் சீட்டிலும் இருப்பவைதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாகனப் பிரிவு ஊழியர் ஒருவர்