அந்த ஸ்டேட் ரீஃபண்ட் திரையைச் சரிசெய்யுங்கள்: வரி மென்பொருள் எழுதும் தமிழ்ப் பொறியாளர்களுக்குத் திறந்த மடல்

அன்புடையீர்,

அமெரிக்காவில் வரித்தாக்கலுக்கென்று விற்கும் மென்பொருள்களுக்குப் பின்னால் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நிரல் எழுதுகிறீர்கள், சோதிக்கிறீர்கள், திரையில் எந்தக் கேள்வி முதலில் வர வேண்டும் என்று தீர்மானிக்கிறீர்கள். உதவி எண்ணுக்கு அழைத்தால் "படிவத்தை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. அதனால் உங்களுக்கே நேராக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் பார்த்தவரை இது ஒரு நிறுவனத்தோடு நிற்கும் குறையும் அல்ல.

விஷயம் 1099-ஜி என்ற படிவம். மாநில வருமான வரியை அதிகமாகக் கட்டி அது ரீஃபண்டாகத் திரும்பி வந்தால், மாநிலம் அந்தத் தொகையை இந்தப் படிவத்தின் 2-ஆம் பெட்டியில் காட்டும். வங்கிக்கு வராமல் அடுத்த ஆண்டு வரிக்கு வரவு வைத்திருந்தாலும் காட்டும். முந்தைய ஆண்டில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (செலவைக் காட்டாமலே கிடைக்கும் நிலையான கழிவு) எடுத்தவருக்கு இந்தப் பணத்துக்கு மத்திய வரி ஒரு காசும் கிடையாது. ஐட்டமைஸ் செய்து (அதாவது செலவுகளை ஒவ்வொன்றாகக் காட்டி), மாநில வருமான வரியைக் கழித்து, அதனால் உண்மையிலேயே வரி குறைந்தவருக்கு மட்டும், குறைந்த அளவுக்கு மட்டும், ரீஃபண்ட் வருமானமாகிறது. வருவாய்ச் சட்டத்தின் 111-ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்.

உங்கள் திரையோ 2-ஆம் பெட்டியின் எண்ணை வாங்கிய கையோடு, திரும்பக் கிடைக்கும் தொகையைக் காட்டி மேலே ஓடும் பச்சை எண்ணைக் குறைத்துவிடுகிறது. போன வருட ரிட்டர்ன் உங்களிடமே இருந்தால் பிறகு தானாகச் சரியாகிவிடும். வேறு மென்பொருளில் இருந்து வந்தவர்தான் மாட்டிக்கொள்கிறார். ஏதோ ஒரு மூலையில் போன வருடக் கணக்கைக் கேட்கும் பக்கம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் முழுத் தொகையும் கூடுதல் வருமானத்தைக் காட்டும் ஷெட்யூல் 1-இன் முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. எச்சரிக்கை இல்லை, சிவப்பு எழுத்து இல்லை. கூடுதல் வரி கட்டுவதை உங்கள் பிழைச்சோதனை பிழையாகவே நினைப்பதில்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். கணவனும் மனைவியும் கூட்டாகத் தாக்கல் செய்கிறார்கள். 2024-இல் மாநில வருமான வரி 9,500 டாலர், வீட்டு வரி 8,000, வீட்டுக் கடன் வட்டி 22,000. மாநில, உள்ளூர் வரிக் கழிவுக்கு அப்போது உச்சவரம்பு 10,000. ஆகவே 17,500 கட்டியும் கழித்தது 10,000 மட்டும். 7,500 வீணாகப் போனது. வட்டியோடு சேர்த்தால் 32,000. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 29,200 என்பதால் ஐட்டமைஸ் செய்தார்கள். 2025-இல் ஸ்டேட் ரீஃபண்ட் 1,200 வந்தது. இதில் வரிக்குரியது எவ்வளவு? பூஜ்யம். 1,200 குறைவாகக் கட்டியிருந்தாலும் கழிவு அதே 10,000-தான். ஐட்டமைஸ் செய்பவர் நிரப்பும் ஷெட்யூல் ஏ-யின் 5டி வரிசையையும் (கட்டிய மொத்தம்) 5இ வரிசையையும் (வரம்புக்குள் கழித்தது) கேட்டிருந்தால் உங்கள் நிரலுக்கு இது ஒரு கழித்தல் கணக்கு. கேட்காததால் 22 சதவீத அடுக்கில் இருக்கும் அந்தக் குடும்பம் 264 டாலர் சும்மா கட்டுகிறது.

2018 முதல் இந்த 10,000 வரம்பு பல குடும்பங்களைத் தற்செயலாகக் காப்பாற்றி வந்தது. ஒன்று ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன், இல்லாவிட்டால் வரம்புக்கு மேல் வீணான தொகை. எப்படிப் பார்த்தாலும் ரீஃபண்டுக்கு வரி இல்லை. "ஸ்டேட் ரீஃபண்டா, கண்டுக்காதீங்க" என்று தமிழ்ப் பள்ளி வாசலில் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டதும் பெரும்பாலும் பலித்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் இதை மாற்றிவிட்டது. 2025-ஆம் ஆண்டுக்கு வரம்பு 40,000; வருமானம் 5 லட்சம் டாலரைத் தாண்டினால்தான் குறையத் தொடங்கும். அதே குடும்பம், அதே செலவுகள்: இப்போது 17,500 முழுவதும் கழிகிறது, மொத்தம் 39,500, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 31,500. வீணானது எதுவும் இல்லை. 2026-இல் வரும் 1,200 ரீஃபண்ட் முழுக்க வரிக்குரியது. 2027 தொடக்கத்தில் தாக்கல் செய்யும்போதுதான் இது தெரியவரும். அதாவது இத்தனை ஆண்டுகள் தேவையில்லாமல் வரி போட்ட திரை, இனி பழைய வரம்பை நினைவில் வைத்திருந்தால், தேவையான இடத்தில் போடாமல் விடும். அதற்கு முன் சரிசெய்ய உங்களுக்கு நேரம் இருக்கிறது.

திரை ஒத்துழைக்காதபோது மக்கள் குறுக்கு வழி தேடுவார்கள். ரீஃபண்டை "இதர வருமானம்" என்று போட்டுவிட்டு நகர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மத்தியக் கணக்கு முடிந்துவிடும், மாநிலக் கணக்கு கெடும். நியூயார்க்கும் கலிபோர்னியாவும் இந்த ரீஃபண்டுக்கு வரி போடுவதில்லை. மத்திய ரிட்டர்னின் உரிய வரிசையில் அது இருந்தால், மாநிலப் படிவத்தில் அதைக் கழிக்கத் தனி இடம் உண்டு. இதர வருமானமாகப் போனதை உங்கள் நிரல் கழிக்காது. திரும்பி வந்த வரிக்கே மாநிலத்துக்கு மறுபடி வரி. அந்தப் பெட்டியில் யாராவது "ரீஃபண்ட்" என்று தட்டினால் ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?

3-ஆம் பெட்டிக்கும் கொஞ்சம் மரியாதை கொடுங்கள். எந்த ஆண்டின் வரி திரும்பி வந்தது என்பது அங்கேதான் இருக்கிறது. 2022 ரிட்டர்னைத் திருத்தி 2025-இல் ரீஃபண்ட் வாங்கியவருக்கு 2022-இன் கழிவுகளை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். 1040 (தனிநபர் வருமான வரிப் படிவம்) கையேட்டின் சிறிய ஒர்க்‌ஷீட் அதற்குப் போதாது, ஐ.ஆர்.எஸ். என்ற மத்திய வரித்துறையின் 525-ஆம் வெளியீட்டுக்குப் போக வேண்டும். அதேபோல் படிவத்தைப் படமெடுத்து ஏற்றும்போது 2-ஆம் பெட்டி எண் 1-ஆம் பெட்டிக்குத் தாவினால் அது வேலையின்மை உதவித்தொகையாகிவிடும். எச்-1பி வேலை விசாவில் வேலை பார்க்கும் ஆள் அதைப் பார்த்தால் பதறத்தானே செய்வார்?

பெயரில் ரீஃபண்ட் என்று இருப்பதெல்லாம் ரீஃபண்டும் அல்ல. கலிபோர்னியா 2022-இல் "மிடில் கிளாஸ் டாக்ஸ் ரீஃபண்ட்" என்று 200 முதல் 1,050 டாலர் வரை கொடுத்தது. அதற்கு வந்தது இதர வருமானத்துக்கான 1099-மிஸ்க், 1099-ஜி அல்ல. அதை எப்படிக் காட்டுவது என்று மக்கள் குழம்பிக்கொண்டிருக்க, அதன் வரி நிலையைக் கேள்வி கேட்கப் போவதில்லை என்று ஐ.ஆர்.எஸ். அறிவித்தது 2023 பிப்ரவரி 10-இல்தான். முந்திக்கொண்டு தாக்கல் செய்தவர்களில் பலர் வரி கட்டியிருந்தார்கள். மாநிலங்கள் இதுபோல இன்னொரு முறை கொடுக்காது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அதிகம் பேசப்படாதது மாணவர்களின் விவகாரம். எஃப்-1 மாணவர் விசாவில் வருபவர் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரிக்கணக்கில் நான்-ரெசிடென்ட் (அங்கு குடியிருப்பவராகக் கருதப்படாதவர்), அவர்களுக்கான 1040-என்ஆர் படிவம் போடுவார். நான்-ரெசிடென்டுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடையாது. இந்திய மாணவர்களுக்கு மட்டும் இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவால் உண்டு. ஒரே ஆய்வகத்தில், ஒரே உதவித்தொகையில் மதுரைப் பிள்ளையும் யாழ்ப்பாணப் பிள்ளையும் இருக்கிறார்கள். மதுரைப் பிள்ளை ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுத்ததால் ஸ்டேட் ரீஃபண்டுக்கு வரி இல்லை. யாழ்ப்பாணப் பிள்ளை மாநில வரியை ஐட்டமைஸ் செய்துதான் ஆக வேண்டும். அதனால் அவருக்கு ரீஃபண்ட் வருமானம். ஆறாம் ஆண்டில் ரெசிடென்ட் ஆகி முதன்முறையாக உங்களிடம் வருகிறார். போன வருடம் ஐட்டமைஸ் செய்தீர்களா என்று கேட்கிறீர்கள், ஆமாம் என்கிறார். உங்கள் நிரல் அவர் கழித்த சில நூறு டாலரை, அவருக்குக் கிடைக்கவே கிடைக்காத ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனோடு ஒப்பிட்டு, வரிக்குரியது பூஜ்யம் என்கிறது. கட்டாயமாக ஐட்டமைஸ் செய்தவருக்கு அந்த ஒப்பீடு பொருந்தாது என்று 525-ஆம் வெளியீட்டில் இருக்கிறது. "போன வருடம் போட்டது 1040-என்ஆரா?" என்ற ஒரு கேள்வி போதும். பிற்பாடு விசா, கிரீன் கார்டு என்று ஒவ்வொரு காகிதத்துக்கும் பயப்படும் பிள்ளைகள் இவர்கள். குறைவாகக் காட்டியதற்குக் கடிதம் வரும் நிலையில் அவர்களை வைக்காதீர்கள்.

ஐ.ஆர்.எஸ். நடத்திய இலவச இணையத் தாக்கல் சேவையான டைரக்ட் ஃபைலும் 2026 பருவத்தில் இல்லை. பலர் உங்களிடம்தான் வருவார்கள். அதனால் கடைசியாக ஒன்று: ரீஃபண்டுக்கு வரி எவ்வளவு என்று கண்டுபிடித்த ஒர்க்‌ஷீட்டை, பூஜ்யம் வந்தாலும், ரிட்டர்ன் பிடிஎஃப்-இல் சேர்த்துக் கொடுங்கள். அடுத்த வருடம் அந்த வாடிக்கையாளர் அதோடு உங்கள் போட்டியாளரிடம் போகக்கூடும் என்பது தெரிந்தேதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியில் குடியிருந்து நியூயார்க்கில் வேலை பார்க்கும், இரண்டு மாநிலத்துக்கும் ரிட்டர்ன் போடும் ஒரு வாடிக்கையாளர்