அப்பாவின் வெப்லி: நண்பன் ராஜேந்திரனுக்குக் கடிதம்

குன்னூர்

அன்புள்ள ராஜேந்திரா,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. உன் உடல்நிலை தேறிவிட்டது என்று படித்ததும் எனக்கும் என் மனைவிக்கும் மிகுந்த நிம்மதி உண்டாயிற்று. உன் பேத்தி கைத்துப்பாக்கி சுடுதல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பதையும், மருமகள் அதற்கு அஞ்சுவதையும் எழுதி, என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறாய். தாராளமாகச் சேர்த்துவிடு என்பதுதான் என் பதில். ஆனால் அதை ஒரே வரியில் எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த விஷயத்தில் நான் அறிந்தது எல்லாம் என் அப்பா சொல்லிக்கொடுத்தது, அவர் சொல்லிக்கொடுத்த விதத்தை நீ தெரிந்துகொண்டால்தான் என் பதிலுக்குக் காரணம் புரியும்.

அப்பா வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் மையத்தில் ஹவில்தாராக இருந்து, புதிதாகச் சேரும் பையன்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவர் என்பது உனக்குத் தெரியும். அங்கே அவரை எல்லோரும் ‘உஸ்தாத்’, அதாவது ஆசான், என்றுதான் அழைப்பார்கள். ஓய்வு பெற்றுச் சென்ற அதிகாரி ஒருவர், தம்மிடம் இருந்த பழைய வெப்லி காற்றுக் கைத்துப்பாக்கியை அப்பாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார். நம் பள்ளி நாள்களில் நீயும் அதைப் பார்த்திருக்கிறாய். ஆனால் தாம் அருகில் இல்லாத வேளையில் அதை யாரும் தொட அப்பா அனுமதித்ததில்லை என்பதால், அதன் உள்ளமைப்பைப் பார்க்கும் வாய்ப்பு உனக்குக் கிடைத்திருக்காது.

அது பர்மிங்காமில் செய்யப்பட்டது. 1924-ஆம் ஆண்டில் வெப்லி நிறுவனம் முதன்முதலில் வெளியிட்ட காற்றுக் கைத்துப்பாக்கியின் அமைப்பே இதற்கும் அடிப்படை. குழல் மேலே இருக்கும். காற்றை அழுத்தும் உருளை அதற்கு நேர் கீழே இருக்கும். பின்புறத்துக் கொக்கியை விடுவித்துக் குழலை முன்பக்கமாகத் தூக்கி மடக்கினால் உள்ளே சுருள்வில் இறுகி, சுடும்போது விரலால் அழுத்தும் விசையில் மாட்டிக்கொள்ளும். சிறுவனாக இருந்த எனக்கு அதைச் செய்ய இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. விசையை அழுத்தும்போது உந்துதண்டு முன்னால் போகாமல் சுடுபவனை நோக்கிப் பின்னால் பாயும். அழுத்தப்பட்ட காற்று அங்கிருந்து திரும்பி மேலே உள்ள குழலுக்குள் நுழைந்து ரவை என்னும் சிறு ஈயக் குண்டைத் தள்ளும். இவ்வளவு சிறிய உடலுக்குள் இவ்வளவு வேலையை அடக்கியவர்களின் கைத்திறனை நான் இன்றும் வியக்கிறேன். கைப்பிடிக்கு மேலே, அப்பாவின் கட்டைவிரல் படிந்த இடத்தில் மட்டும் எஃகின் கருநீலம் தேய்ந்து பழுப்பு வெளுப்பாகத் தெரியும். குழல் வந்து மூடுகிற வாயில் இருக்கும் தோல் வாஷர் காய்ந்து காற்று கசிந்தால், பழைய பூட்ஸின் நாக்கிலிருந்து ஒரு துண்டை வட்டமாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து அவரே மாட்டிவிடுவார்.

முதலில் அவர் எனக்கு ரவையே கொடுக்கவில்லை. திறந்து பார்க்காமல் கையில் வாங்காதே, திறந்து காட்டாமல் பிறர் கையில் கொடுக்காதே, குழலின் வாய் எந்நேரமும் மண்மேட்டைப் பார்த்தே இருக்கட்டும், சுடத் தீர்மானிக்கும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும் என்ற நான்கையும் உடம்பே பழகிக்கொள்ளும் வரை திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். பிறகு சுருள்வில்லை இறுக்காமல், ஓரம் வளைவு வளைவாக இருக்குமே அந்த அலுமினியப் பத்துப் பைசா, அதைக் குழலின் மேல் வைத்து, காசு விழாமல் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். கை நிற்கக் கற்றுக்கொண்ட பின்புதான் விசைக்கு வந்தார். அதையும் வாயால் விளக்கவில்லை. என் விரலின் மேல் தம் விரலை வைத்து மிக மெதுவாக அழுத்துவார். எந்தக் கணத்தில் வெடிக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த அழுத்தம் ஒரே சீராக, இடையில் நிற்காமல் கூடிக்கொண்டே போவதை என் விரல் அவர் விரலிடமிருந்து கற்றுக்கொண்டது.

அடுத்தது பார்வை. துப்பாக்கியின் மேல் பின்னால் இருக்கும் பின் குறியின் பள்ளம், குழலின் நுனியில் இருக்கும் முன் குறி, தூரத்தில் உள்ள அட்டையின் கறுப்பு வட்டம் ஆகிய மூன்றும் கண்ணுக்கு ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியாது. புதியவர்கள் எல்லோரும் வட்டத்தைத்தான் பார்ப்பார்கள். முன் குறியை மட்டும் பார், வட்டம் மங்கலாகவே இருக்கட்டும் என்பார் அப்பா. கணக்கு ஆசிரியரான உனக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். இரண்டு குறிகளுக்கும் இடையே 20 செ.மீ. என்று வைத்துக்கொள், அவற்றின் நேர்கோட்டில் 1 மி.மீ. பிசகினால், 10 மீட்டரில் ரவை 50 மி.மீ. தள்ளிப்போய் விழும். போட்டி அட்டையில் கறுப்பு வட்டத்தின் விட்டமே 59.5 மி.மீ.தான், நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. கை ஆடுவதால் வரும் பிழை சிறியது, குறிகள் சாய்வதால் வரும் பிழை பெரியது. அப்பா பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஆனால் அட்டையில் விழுந்த ஓட்டைகளைப் பார்த்தே என் கண் எங்கே இருந்தது என்று சொல்லிவிடுவார்.

இவை எல்லாவற்றையும் விட அவர் அதிகம் வற்புறுத்தியது, சுடாமல் கையை இறக்குவதைத்தான். உயர்த்திய கை சில விநாடிகளே நிலையாக நிற்கும். அதற்குமேல் போனால் தோள் தளரும், கண்ணும் களைத்து, குறி நன்றாக இருப்பதுபோல் பொய்த்தோற்றம் காட்டும். அப்போது ‘எப்படியாவது சுட்டுவிடுவோம்’ என்று விசையைத் தட்டுபவன் கெட்டான் என்பார். நான் பத்தில் அடித்தபோது அவர் ஒன்றும் சொன்னதாக நினைவில்லை. குறி கூடாமல் நானாகவே கையை இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி உயர்த்தினால் மட்டும் ‘சபாஷ்’ என்பார். ஒருநாள் காலை, நான் குறி வைத்து விசையில் விரல் வைத்துவிட்ட வேளையில் ஒரு கொண்டைக்குருவி வந்து அட்டை மாட்டிய பெட்டியின் மேல் உட்கார்ந்தது. அப்பா பேசவில்லை, என் முழங்கையை விரல் நுனியால் தொட்டார். குழலைக் கீழே திருப்பி மேசைமேல் வைத்தேன். அது வாலைச் சிலுப்பிக்கொண்டு, இறகைக் கோதிக்கொண்டு, தானாகப் பறந்து போகும் வரை இருவரும் அப்படியே நின்றோம். பறவையை நோக்கிக் குழலை உயர்த்தியவனுக்கு அன்றோடு பயிற்சி முடிந்தது என்பது எங்கள் வீட்டில் மாறாத சட்டம்.

ஆகவே உன் மருமகளிடம் சொல்: ஆபத்தான பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அடங்கி நிற்பது எப்படி என்பதைத்தான் அந்தக் குழந்தை முதலில் கற்றுக்கொள்ளும். 10 மீட்டர் போட்டியில் 60 முறை சுட 75 நிமிடங்கள் கொடுக்கிறார்கள். ஒரு முறைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் வருகிறது. கையை இறக்குபவருக்கு அங்கே போதிய நேரம் இருக்கிறது.

உன் பேத்தி 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து இந்த ஆசை பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தாய். மனு பாக்கருக்குப் பயிற்சி அளித்த ஜஸ்பால் ராணா, 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவர். அவர் தம் தந்தையிடம்தான் முதலில் சுடக் கற்றுக்கொண்டார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

பேத்தி இடக்கைக்காரி என்பதற்காகக் கவலைப்படாதே. ஹங்கேரி நாட்டுப் படைவீரர் காரோலி டக்காச்சுக்கு 1938-இல் வெடிகுண்டு விபத்தில் வலக்கை சிதைந்துபோயிற்று. அவர் இடக்கையால் முதலிலிருந்து பழகி, 1948-இல் லண்டனிலும் 1952-இல் ஹெல்சின்கியிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அவள் எந்தக் கண்ணால் குறி பார்க்கிறாள் என்பதை மட்டும் பயிற்சியாளரிடம் சொல்லிச் சோதிக்கச் சொல். கையும் கண்ணும் ஒரே பக்கமாக அமைந்தால் வேலை எளிது.

இப்போதே துப்பாக்கி வாங்கிவிடாதே. போட்டிக்கு உரியவை விலை மிகுந்தவை. ஆரம்பத்தில் பயிற்சி நிலையத்தில் இருப்பதே போதும். 4.5 மி.மீ. குழல் உடைய, ரவையின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் தேவையில்லை என்றாலும், வீட்டில் வைத்தால் பூட்டியே வைக்க வேண்டும். ரவைகள் ஈயம் என்பதால், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அவள் எதையும் தின்னக் கூடாது. இதை நீயே பக்கத்தில் நின்று கவனி.

வெப்லி என்னிடம் நல்ல நிலையில் இருக்கிறது. முழங்கால் வலி இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்ச நேரம் சுடுகிறேன். கோடை விடுமுறைக்கு அவளை அழைத்துக்கொண்டு நீ இங்கே வர வேண்டும். மருமகளும் உடன் வந்தால் இன்னும் நல்லது. வரும்போது கோயம்புத்தூரில் 4.5 மி.மீ. தட்டைமுனை ரவை இரண்டு டப்பா வாங்கி வா. கூர்முனை வேண்டாம், அது அட்டையைக் கிழித்துவிடும், ஓட்டையின் ஓரம் சரியாகத் தெரியாது.

அன்புடன்,
உன் சண்முகம்