பலாலியில் வெயில், உங்கள் அலுவலகத்தில் மழை

பெறுநர்: முகாமையாளர், வாடகை விமான சேவைப் பிரிவு, இரத்மலானை
விடயம்: கடந்த மாதம் 14ஆம் திகதிய இரத்மலானை – பலாலி (யாழ்ப்பாணம்) விமானப் பயணம்; தாமதத்துக்குச் சொன்ன பொய்க் காரணமும், அதற்கு மேல் அறவிடும் தரிப்புக் கட்டணமும்

ஐயா,

உங்கள் இறுதிப் பற்றுச்சீட்டு நேற்று என் கைக்கு வந்தது. கடைசி வரியில் இப்படி இருக்கிறது: "பலாலியில் மேலதிகத் தரிப்பு, 1 மணி 40 நிமிடம், ரூபா 85,000." அந்த வரி மட்டும் இல்லாதிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். போனது போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் 31 வருடம் வங்கியில் கணக்குப் பார்த்தவளிடம், உங்கள் தவறுக்கு என்னிடமே காசு கேட்டு ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டீர்கள்.

பயணம் எதற்காக என்பது முன்பதிவு செய்த நாளிலேயே உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் என் பெரியம்மா காலமானார். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை கீரிமலையில். குருக்கள் குறித்துத் தந்த நேரம் காலை எட்டரை. அம்மாவுக்கு வயது 84. இடுப்பு எலும்பில் சத்திரசிகிச்சை செய்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. வாகனத்திலோ ரயிலிலோ அவ்வளவு தூரம் இருத்திக் கொண்டுபோக முடியாது. ஆகவே சகோதரர்கள் ரொறொன்ரோவிலும் இலண்டனிலுமிருந்து பங்கு போட்டு, 1,240,000 ரூபாவுக்கு உங்கள் விமானத்தை ஒழுங்கு செய்தோம். பலாலியிலிருந்து கீரிமலை கூப்பிடு தூரம். ஆறரைக்குப் புறப்பட்டால் ஏழே முக்காலுக்கு இறங்கிவிடலாம், பிற்பகல் ஒன்றரை மணி வரை விமானம் அங்கே நிற்கும் என்று எழுத்தில் தந்தவர்கள் நீங்கள்தான். எட்டரை மணி தவறக்கூடாது என்று நான் இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். "கவலை வேண்டாம் மெடம்" என்று இரண்டுக்கும் பதில் வந்தது.

இடையில் ஒரு சிறு விடயம். உங்கள் விளம்பரத்தில் வாலடியில் இரண்டு எஞ்சின் வைத்த வெள்ளை ஜெட் நிற்கிறது. "பிரைவேட் ஜெட் சேவை" என்று கொட்டை எழுத்து வேறு. எங்களுக்காக ஒழுங்கு செய்ததோ மூக்கில் ஒற்றைக் காற்றாடி சுழலும் செஸ்னா கரவான். கேட்டதற்கு உங்கள் அலுவலர், "உள்ளே இருப்பதும் ஜெட் எஞ்சின்தான்" என்றார். ரொறொன்ரோத் தம்பியிடம் விசாரித்தேன். அலுவலர் சொன்னது பொய் இல்லையாம். ஜெட் எரிபொருளில் ஓடும் டர்பைன்தான் அந்தக் காற்றாடியைச் சுழற்றுகிறதாம். இருக்கட்டும். பனங்கட்டியும் புழுக்கொடியலும் ஒரே பனையிலிருந்துதான் வருகின்றன; அதற்காகப் பனங்கட்டிப் படத்தைக் காட்டிப் புழுக்கொடியலை விற்கலாமா? கரவானைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. எங்கள் தேவைக்கு அது தாராளம். படத்தை மட்டும் மாற்றுங்கள்.

இனி அன்று காலைக்கு வருகிறேன். வெள்ளவத்தையில் நாலே முக்காலுக்குப் புறப்பட்டோம். காலி வீதியில் அந்த நேரத்தில் பால் வண்டியும் நாய்களும்தான். ஐந்தரைக்கு முன்பே இரத்மலானையில் இருந்தோம். அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள், பைகளை நிறுத்தார்கள், பிறகு எங்களையும் நிறுத்தார்கள். சிறிய விமானத்தில் ஆளின் எடையும் கணக்கு என்பது புரிகிறது. ஆனால் அம்மாவைக் கைத்தாங்கலாகத் தராசில் ஏற்றியபோது, "சந்தையில் கோழி நிறுப்பதுபோல் இருக்கிறது" என்று அவரே சொல்லிச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆறரைக்கு வானிலை சரியில்லை என்றார்கள். ஏழு மணிக்குப் பலாலியில் தாழ்ந்த முகில் என்றார்கள். ஏழரைக்கு மழை என்றார்கள். நான் கீரிமலையில் நின்ற பெரியம்மாவின் மகனைத் தொலைபேசியில் பிடித்தேன். "என்ன மழை அக்கா? கேணிப் படியில் கால் வைக்க முடியவில்லை, அப்படிச் சுடுகிறது" என்றான். இதை உங்கள் அலுவலரிடம் சொன்னேன். வானத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்கும் என்று எனக்கு விளக்கம் தந்தார்.

எட்டு நாற்பதுக்கு ஒரு கரவான் வந்து இறங்கியது. அதற்கு எரிபொருள் ஊற்றினார்கள். பிறகு, வானிலை சீராகிவிட்டது, ஏறலாம் என்றார்கள். ஏற்றிய விதத்தில் குறை இல்லை. படியில் ஏற முடியாத அம்மாவை இரண்டு பணியாளர்கள் நாற்காலியோடு தூக்கிப் பூப்போல உள்ளே வைத்தார்கள். அவர்களுக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்.

அம்மாவின் தண்ணீர்ப் போத்தலை வைப்பதற்காக முன் இருக்கையின் பையில் கை விட்டேன். ஈரமாக ஏதோ அகப்பட்டது. எடுத்துப் பார்த்தால் ஒரு குழந்தையின் காலுறை. மஞ்சள் நிறம், நுனியில் வாத்துப் படம். பழச்சாறு கொட்டியிருக்க வேண்டும், பிசுபிசுப்பு காயவில்லை. அதற்குக் கீழே உறிஞ்சி முடித்த சாற்றுப் பெட்டி, தொட்டால் இன்னும் குளிர்ந்தது. விமானியிடம் கேட்டேன். மறைக்கத் தெரியாத பிள்ளை. "சீகிரியாவில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு வந்தோம்" என்றார். ஆறு மணிக்கே புறப்பட்டதாம். உண்மையைச் சொன்னதற்காக அவர்மீது நடவடிக்கை எதுவும் எடுக்கக்கூடாது என்பதையும் இந்தக் கடிதத்திலேயே பதிந்து வைக்கிறேன்.

நாங்கள் காசு கட்டிய விமானத்தை எங்கள் நேரத்திலேயே இன்னொருவருக்கு ஓட்டிவிட்டு, பழியைப் பலாலி வானத்தின்மேல் போட்டீர்கள். என் புகார் இதுதான். ஐந்தரைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால், குருக்களிடம் கெஞ்சிக் கிரியையை இரண்டு மணித்தியாலம் தள்ளியிருப்போம். இதோ புறப்படுகிறது, இதோ புறப்படுகிறது என்று நீங்கள் சொன்னதை நம்பி நாங்கள் கிரியையைத் தள்ளச் சொல்லவில்லை.

பத்து முப்பத்தைந்துக்குப் பலாலியில் இறங்கினோம். கீரிமலைக்குப் போனபோது எல்லாம் முடிந்து, ஆட்கள் தலை துவட்டிக்கொண்டு நின்றார்கள். பெரியம்மாவுக்குப் படைக்க என்று அம்மா பக்கத்தில் இருந்து சொல்லிச் செய்வித்த பயித்தம் பணியாரம் டப்பாவோடு அவர் மடியிலேயே இருந்தது.

திரும்பும்போது அம்மா ஒன்று சொன்னார். 90களில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை மூடியிருந்த காலத்தில் பலாலியிலிருந்து இதே இரத்மலானைக்குத்தான் விமானத்தில் வருவோம். அனுமதிக் கடதாசியோடு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஏன் தாமதம் என்று ஒருவரும் வாய் திறக்க முடியாது. "அப்போதும் இப்படித்தான் இருத்தி வைத்தார்கள் பிள்ளை. ஆனால் அப்போது காரணம் சொல்லவில்லை, பொய்யும் சொல்லவில்லை." அப்பா இருந்திருந்தால் அவருடைய பழைய பெருமையைத் தொடங்கியிருப்பார்: 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் பறந்தது என்று. அவ்வளவு பழைய வழித்தடம் ஐயா இது.

பற்றுச்சீட்டுக்கு வருகிறேன். ஒன்றரைக்குப் புறப்பட வேண்டிய விமானம் பலாலியில் மூன்று பத்து வரை நின்றது உண்மை. இரண்டு மணி ஐம்பது நிமிடம் பிந்திக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, ஒரு மணி நாற்பது நிமிடம் கூட நின்றதற்குக் கட்டணமா? உங்கள் கணக்கின்படி பார்த்தாலும் ஒரு மணி பத்து நிமிடம் நீங்கள்தான் எனக்குத் தர வேண்டியிருக்கிறது.

85,000 ரூபாவை இரத்துச் செய்யுங்கள். அம்மா போய்ச் சேர வேண்டிய வேளைக்குச் சேராததால், போகும் வழிக்கான கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 14ஆம் திகதி காலை ஆறு மணிக்கு எங்கள் விமானம் எங்கே பறந்தது என்பதை உங்கள் கடிதத்தாளில், கையொப்பத்தோடு எழுதித் தாருங்கள். அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், இதன் பிரதி 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போகும். இன்னொரு பிரதி சிவில் விமானத் துறை அதிகாரிகளுக்கும் போகும்.

மஞ்சள் காலுறையைத் தோய்த்து, காயவைத்து, ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் குடும்பத்தின் முகவரி உங்களிடம் இருக்கும். ஆள் அனுப்பினால் ஒப்பம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
பயண ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவள்
வெள்ளவத்தை, கொழும்பு 6