கயலுக்கு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. போனில் என்றால் நீ "ம்" என்பாய், நான் "சரிம்மா" என்று வைத்துவிடுவேன். அதனால்தான் பேப்பர். கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன், நடுவில் ஆள் வந்தால் எழுந்து போக வேண்டியிருக்கிறது. கையெழுத்து கோணினால் அதனால்தான்.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. லேபில் கையுறை இல்லாமல் எதையும் தொடாதே. சாப்பிடும் முன் கையைக் கழுவு, நீ சின்ன வயசிலிருந்தே அதில் கொஞ்சம் அப்படி இப்படித்தான்.

அப்பத்தா திவசத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். சரி. அத்தை கேட்டாள், அதையே சொன்னேன். அன்றைக்கு ஒரு போனாவது பண்ணியிருக்கலாம். அப்பத்தா உன்னைத்தானே "என் டாக்டரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நீ எந்த டாக்டர் என்று அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை. மருந்துக் கம்பெனி ரெப் பையன்கள் வந்தால் நானும் "என் பொண்ணு ஸ்வீடனில் கிருமி ஆராய்ச்சி பண்றா" என்கிறேன். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

பரணில் எலி புகுந்துவிட்டது. உன் எம்.எஸ்ஸி. நோட்டுகளை எல்லாம் கீழே இறக்கினேன், பயப்படாதே, ஒன்றையும் கடிக்கவில்லை. அந்தப் பச்சை அட்டை நோட்டை மட்டும் கடைக்கு எடுத்து வந்துவிட்டேன். மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் ஒரு மாசமாக அதைத்தான் படிக்கிறேன். நான் டி.பார்ம். படித்தபோது இதெல்லாம் ஒரு பத்தியில் முடிந்துவிட்டது. ஒரு பாக்டீரியா குழாய் மாதிரி ஒன்றை நீட்டிப் பக்கத்தில் இருப்பதைப் பிடித்து இழுத்து, பிளாஸ்மிட் என்கிற சின்ன டி.என்.ஏ. வளையத்தின் நகல் ஒன்றை அதற்குள் தள்ளுவதைப் படம் போட்டிருக்கிறாய். கொடுத்ததற்குக் குறைவதில்லை, வாங்கியதற்கும் கிடைத்துவிடுகிறது. இரண்டுக்கும் கண் மூக்கு வேறு வைத்திருக்கிறாய். சிரித்துவிட்டேன்.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். இத்தனை வருஷமாக நான் கடைக்கு வருகிறவர்களிடம் "உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு" என்றுதான் சொல்லியிருக்கிறேன். மாறுவது உடம்பு இல்லை, கிருமி என்பது இப்போதுதான் உறைக்கிறது. மருந்தில் சாகாமல் மிஞ்சுகிற ஒன்று இரண்டின் வம்சம் பெருகுகிறது. வாய்ப்பான இடத்தில் ஈ.கோலி என்கிற குடல் கிருமி 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டாகிறது என்றால், ஒரு ராத்திரி போதுமே. இதுவரைகூடப் பரவாயில்லை, அப்பன் சொத்து பிள்ளைக்குப் போவது மாதிரி. அந்த எதிர்ப்பு பிளாஸ்மிட்டில் ஏறி இனம் விட்டு இனம் பக்கவாட்டில் கைமாறும் என்பதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. ஜப்பானில் 1950களில் சீதபேதிக் கிருமி சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால் என்ற நாலு மருந்துக்கும் அடங்காமல் போனது. அதே நோயாளிகளின் குடலில் இருந்த சாதாரண ஈ.கோலியும் அதே நாலுக்கு அடங்கவில்லை. 1959இல் இரண்டையும் ஒன்றாக வளர்த்துப் பார்த்து, ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குப் போகிறது என்று காட்டினார்கள். "நாலும் ஒரே மூட்டையில்!" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாய்.

அதற்கு அடுத்த பக்கம் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. சளிக்கு ஆன்டிபயாடிக் போட்டால் சளி வைரஸுக்கு ஒன்றும் ஆவதில்லை, குடலில் சும்மா கிடக்கும் கிருமிகள்தான் அடிபடுகின்றன. அதில் எதிர்ப்பு உள்ளது மட்டும் தங்கி, காலியான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. என்றைக்கோ அது மூத்திரப் பாதைக்கு ஏறும்போதுதான் தெரிகிறது. முழு கோர்ஸ் சாப்பிடவில்லை என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! தேவையே இல்லாத இடத்தில் கொடுத்தேனே, அதற்கு என்னை யார் திட்டுவது?

ஸ்வீடனின் உப்சாலா ஊர் ஆராய்ச்சிக்காரர்களைப் பற்றியும் நோட்டில் இருக்கிறது. வெளிநாடு போய்த் திரும்பிய 100 பேரைப் பார்த்ததில், செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்குகளை உடைக்கிற ஈ.கோலி போகும்போது இல்லாத 24 பேருக்குத் திரும்பும்போது இருந்தது. இந்தியா வந்து போன 8 பேரில் 7 பேருக்கு. அந்த ஊருக்கே வேலைக்குப் போவாய் என்று அப்போது நீ நினைத்திருக்க மாட்டாய். இதற்காகத்தான் வீட்டுக்கு வர யோசிக்கிறாயோ என்று ஒருநாள் தோன்றியது. வந்தால் தண்ணீரைக் கொதிக்க வைத்தே தருகிறேன்.

காரணம் அதில்லை என்று எனக்குத் தெரியும்.

அப்பத்தாவின் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாயே, மருந்துகளுக்கு நேராக வரிசையாக ஆர், ஆர், ஆர், கிருமி அடங்காது என்று இருந்ததே. முன்னாடி அப்பத்தாவுக்கு என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாய். டாக்டர் எழுதியதுதான் என்றேன். நீ கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "சரிப்பா" என்று வைத்தாய். அன்றிலிருந்து "ம்"தான்.

டாக்டர் எழுதவில்லை கயல். நான்தான் கொடுத்தேன். செஃபிக்சிம், அந்த செஃபலோஸ்போரின் வகைதான், ஒவ்வொரு தடவையும் நாலு மாத்திரை. உடம்பு சுட்டால் கொடுத்தேன், இருமினால் கொடுத்தேன், மூத்திரம் எரிகிறது என்றால் கொடுத்தேன். அந்த ஒரு வருஷத்தில் ஏழு தடவை. கடையைப் பூட்டிவிட்டுப் பெற்ற தாயை டாக்டரிடம் கூட்டிப்போக ஒரு மணி நேரம் இல்லை எனக்கு. ஏழு என்று சரியாக எப்படித் தெரியும் என்றால், ரெஜிஸ்டரில் இருக்கிறது. 2014 மார்ச்சிலிருந்து சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியல் மருந்துகளை எல்லாம் டாக்டர் பேர், நோயாளி பேர், எத்தனை என்று எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டுமே. எழுதாத சீட்டுக்கு நானே ஒரு டாக்டர் பேரைப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் பார்த்தால் சுத்தமான ரெஜிஸ்டர்.

ஆஸ்பத்திரியிலேயே கூடத் தொற்றியிருக்கலாம், யாருக்குத் தெரியும் என்று அத்தான் சொன்னார். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் தூங்கினேன். உன் நோட்டைப் படிக்காமலே இருந்திருக்கலாம்.

இப்போது சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை. நேற்று பால்காரர் பிள்ளைக்குச் சளி என்று நாலு மாத்திரை கேட்டார். இல்லை என்றேன். "அண்ணே, நீங்களா?" என்று என்னையே பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார். அங்கே கிடைத்திருக்கும்.

ஒரு சந்தேகம். மருந்து இல்லாத இடத்தில் பிளாஸ்மிட் பாக்டீரியாவுக்குச் சுமை, போகப்போக விட்டுவிடும் என்று ஓரிடத்தில் எழுதி, அதை அடித்துவிட்டு, "எப்போதும் இல்லை, சிலது சுமையோடு வாழப் பழகிவிடும்" என்று பென்சிலில் எழுதியிருக்கிறாய். விடுமா, விடாதா? இதை போனிலேயே சொல். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குமேல் கடை கிடையாது, வீட்டில்தான் இருப்பேன்.

கையுறையை மறக்காதே.

அப்பா