அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், 'களைக்கொல்லி செடியைத் தாக்குவது. மனித நரம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை' என்று எழுதியிருந்தீர்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி செடியில் முடக்கும் நொதி மனித உடலில் இல்லை என்பது காரணமாம். நொதி இல்லை என்பது சரிதான். அதற்காக எல்லாக் களைக்கொல்லியும் கிளைபோசேட் ஆகிவிடுமா? 2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லி தோலில் பட்டபின் கைகால் மரத்துப் பலமிழந்தவர்களைப் பற்றி 1959-லேயே அமெரிக்க மருத்துவ இதழ் எழுதிவிட்டது. 2,4-டி-யும் டையாக்சின் நஞ்சும் கலந்திருந்த, காடழிக்கப் போரில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லிக் கலவைக்கு ஆளாகி, ஓராண்டுக்குள் நரம்பு பழுதான வியட்நாம் போர் வீரர்களுக்கு அமெரிக்க அரசே இழப்பீடு தருகிறது. தாங்கள் அறியாததா இது?

என் கணவர் மருந்து அடிக்கும் வேலைக்குப் போனவர். முதுகில் மாட்டிய டேங்க் கசிந்து சட்டை உடம்போடு ஒட்டிக் கிடக்கும். நாசில் அடைத்துக்கொண்டால் வெறுங்கையால்தான் கழற்றுவார். இன்று செருப்பு கழன்று பின்னால் கிடப்பது தெரியாமல் நடக்கிறார். இரவில் போர்வை உரசினாலே பாதம் எரிகிறது என்கிறார். பார்த்த மருத்துவர்கள் எல்லாரும் சர்க்கரை உண்டா, குடிப்பாரா என்றார்கள். இரண்டும் கிடையாது. பி12 சத்தும் குறையவில்லை. என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. களைக்கொல்லிதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்கிறேன்.

தங்கள் இதழும் கேட்பதில்லை. கால் மரத்துப்போவது பற்றி முன்பு வந்த நீண்ட கட்டுரை முழுக்கச் சர்க்கரை நோய்தான். உழவர் சிறப்பிதழின் அட்டையிலோ, வெறுங்காலோடு மருந்து அடிப்பவரின் படம்! அதைச் சுட்டிக்காட்டி எழுதிய கடிதத்தில் நான் பாராட்டியிருந்த வரிகளை மட்டும் வெளியிட்டீர்கள். மனம் நொந்தது. சந்தாவை நிறுத்தவில்லை.

நீளமான நரம்புதான் பெரும்பாலும் முதலில் பழுதாகும். பாதத்தில் தொடங்குவது அதனால்தான். சேதமானது மறுபடி வளர்ந்தாலும் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். தொடக்கத்திலேயே கேட்க வேண்டிய கேள்வியின் அருமையை மருத்துவப் பக்கம் எழுதுபவருக்கு நான் சொல்ல வேண்டுமா?

அடுத்த இதழில் அந்த வரிக்குத் திருத்தம் போடுங்கள். கையுறையும் பூட்ஸும் அணிவது, நனைந்த சட்டையை உடனே கழற்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பது, மருத்துவரிடம் போகும்போது டப்பாவின் லேபிளைக் காட்டுவது ஆகியவற்றை ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகச் சேர்த்தால் போதும். இந்தக் கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால், தயவுசெய்து வெட்டாமல் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி