வால்வில் அடிப்பிடித்த கரி

கோத்தகிரி,
ஞாயிறு சாயங்காலம்

மாப்ளே,

நீ அனுப்பின மலைப்பூண்டு வந்து சேர்ந்தது. உன் தங்கச்சி அதைக் கொத்துக் கொத்தாகச் சமையலறை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள், மழைக்கு எல்லாக் கதவையும் அடைத்து வைத்திருப்பதால் வீடு முழுக்க அந்த வாசனைதான். இங்கே நான்கு நாளாக வெயிலையே பார்க்கவில்லை. நேற்று ராத்திரி காட்டெருமை ஒன்று கேட்டுக்குள் வந்து கேரட் பாத்தி மேலே நிதானமாக நடந்துவிட்டுப் போயிருக்கிறது. விரட்டுகிற வயசா நமக்கு? டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

சரி, உன் வண்டி விஷயத்துக்கு வருகிறேன். பெருமாள்மலையிலிருந்து நீ எழுதினதைப் படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது, கோபித்துக்கொள்ளாதே. காலையில் ஸ்டார்ட் செய்தால் நடுங்குகிறது, இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது, ஏற்றத்தில் பிக்கப் இல்லை, செக் என்ஜின் லைட் ஒரு நாள் வந்து மறுநாள் காணாமல் போகிறது. போன வருஷம் மார்கழியில் நான் பட்டதும் அச்சு அசல் இதுவேதான், காரணம் இன்டேக் வால்வில் படிந்த கரி. உன் சர்வீஸ் சென்டரில் சொன்ன 'டீகார்பனைசிங் பேக்கேஜ்', டேங்குக்கு ஒரு பாட்டில் மருந்து, இது இரண்டையும் என்னிடமும் விற்றார்கள். நானும் வாங்கினேன். அதனால்தான் சொல்கிறேன், ஒருவன் உன் வால்வைக் கேமராவில் உனக்குக் காட்டுகிற வரைக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதே.

முதலில் இந்தக் கரி எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள். பழைய பெட்ரோல் இன்ஜினில் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் காற்றை விடுகிற இன்டேக் வால்வுக்கு முன்னால் உட்கார்ந்து, மூன்று நான்கு பார் அழுத்தத்தில் பெட்ரோலை வால்வின் முதுகிலேயே பீய்ச்சும். பெட்ரோல் நல்ல சோப்புத் தண்ணீர் மாதிரி, ஒவ்வொரு தடவையும் வால்வைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போகும். நம் இரண்டு பேர் வண்டியும் ஜிடிஐ, அதாவது நேரடி இன்ஜெக்‌ஷன். இதில் இன்ஜெக்டரின் மூக்கு நேராக சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, நூற்றைம்பது, இருநூறு பார், புது இன்ஜின்களில் முந்நூற்றைம்பது பார் வரைக்கும் அழுத்தம். பெட்ரோல் உள்ளேயே ஆவியாகி சிலிண்டரைக் குளிர வைக்கும், அதனால் கம்ப்ரெஷனைக் கூட்டலாம், டர்போ வைத்து ஒரு லிட்டர் இன்ஜினில் ஒன்றரை லிட்டரின் இழுவையை எடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான், புதிதும் கிடையாது, 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல்-லிலேயே உண்டு. ஆனால் வால்வின் முதுகில் இப்போது ஒரு சொட்டு பெட்ரோல்கூடப் படுவதில்லை. அந்தப் பக்கம் போவது காற்று மட்டும்தான், காற்றோடு சேர்ந்து வருவதுதான் வில்லங்கம்.

என்ன வருகிறது என்றால், ஆயில். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிற புகையும் சூட்டில் ஆவியாகிற இன்ஜின் ஆயிலும் பிஸ்டனுக்குக் கீழே இருக்கிற கிராங்க்கேஸில் சேரும், அதை வெளியே விடக்கூடாது என்பதால் பிசிவி வால்வு வழியாகத் திரும்ப இன்டேக்குக்கே அனுப்புகிறார்கள். போதாததற்கு வால்வுத் தண்டைச் சுற்றியிருக்கிற ஸ்டெம் சீல் வழியாகக் கொஞ்சம் கசியும், சிலிண்டரிலிருந்து எரிந்த வாயு கொஞ்சம் பின்னால் தள்ளும். எல்லாம் சேர்ந்து சூடான வால்வு மேலே படலம் படலமாகப் படிந்து வேகிறது. தினமும் பால் காய்ச்சுகிற சட்டியை ஒரு வருஷம் கழுவாமல் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

இப்போது அந்த மருந்து பாட்டிலை யோசித்துப் பார். டேங்கில் ஊற்றினால் அது பெட்ரோலோடு பம்ப், இன்ஜெக்டர் வழியாக சிலிண்டருக்குத்தான் போகும். இன்ஜெக்டர் மூக்குக்கும் பிஸ்டன் தலைக்கும் நல்லது செய்யலாம், வால்வின் முதுகுக்கு அது போய்ச் சேரவே வழியில்லை. ஹைட்ரஜன் வாயு விட்டுக் கரியை எரிக்கிறோம் என்று ஒரு மிஷினை வைத்துக்கொண்டு செய்கிறார்களே, அதுவும் எனக்கு நடந்தது. வாயு எரிவது சிலிண்டருக்குள்ளே. தீ இருக்கும் நேரத்தில் இன்டேக் வால்வு இறுக மூடியிருக்கும், அதன் முதுகில் இருக்கிற கரி எப்படி எரியும்? ஒரு மணி நேரம் வண்டி ஐட்லிங்கில் ஓடியது, டீ வாங்கிக் கொடுத்தார்கள், சைலன்ஸரிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் சொட்டியதைக் காட்டி 'பாருங்க சார் கார்பன் வெளியே வருது' என்றார்கள். மறுநாள் காலையில் அதே நடுக்கம்.

சைலன்ஸர் நுனியைப் பற்றி இன்னொன்று. விரல் விட்டுப் பார்த்தேன், மை மாதிரி கறுப்பு என்று எழுதியிருந்தாய். ஜிடிஐ வண்டியில் அது சகஜம், கொஞ்சம் புகைக்கரி விடும் ஜாதி. அதை வைத்து வால்வைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

எனக்கு வழி காட்டியது குன்னூர் பாய்தான், நம் எஸ்டி பைக்குக்கு கிளட்ச் ப்ளேட் போட்டுக் கொடுத்தாரே அவரேதான், இப்போது மகன் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறான். ஸ்கேனர் போட்டதும் பி0302 என்று கோளாறு எண் வந்தது, இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங், சரியாக எரியவில்லை. பையன் அந்த சிலிண்டரின் ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டுவிட்டு, மூன்றாவதில் இருந்ததை இரண்டாவதில் போட்டு இரண்டு நாள் ஓட்டச் சொன்னான். கோளாறு காயிலில் இருந்தால் அந்த எண் பி0303 ஆக மாறவேண்டும். மாறவில்லை. ப்ளக்கையும் அப்படியே மாற்றிப் போட்டுப் பார்த்தோம், அதே இரண்டுதான். சர்வீஸ் சென்டரில் ப்ளக், காயில் எல்லாம் புதிதாக மாற்றி பில் போட்டிருந்தார்கள், இந்த இடமாற்றத்தைச் செய்ய பத்து நிமிஷம்கூட ஆகாது. பிறகு வால்வுக்குக் காற்று கொண்டுபோகிற குழாயான மேனிஃபோல்டைக் கழற்றி, மெல்லிய வயர் கேமராவை உள்ளே விட்டுப் போனில் காட்டினான். மாப்ளே, எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வால்வு என்ற ஒன்றே தெரியவில்லை, அடிப்பிடித்த கருப்பட்டிப் பாகு மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கிறது, இரண்டாவது சிலிண்டரில் காற்று போகிற வழியே குறுகிப்போய்விட்டது. ஓடியது 62,000 கிலோமீட்டர்தான்.

அவனிடம் வால்நட் மிஷின் இல்லை, கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்கு அனுப்பினான். வால்நட் என்றதும் கேலி செய்கிறான் என்று நினைத்தேன். நிஜமாகவே வால்நட் கொட்டையின் கெட்டி ஓட்டை நொறுக்கிய தூள்தான், ரவையைவிடக் கொஞ்சம் பெரிது. கரியைப் பெயர்க்கிற அளவுக்குக் கடினம், வால்வு உலோகத்தைக் கீறாத அளவுக்கு மெத்து. கம்ப்ரஸர் காற்றில் அதை வால்வு மேலே அடித்துக்கொண்டே பக்கத்தில் வாக்கம் க்ளீனரால் உறிஞ்சுகிறார்கள். இதில் உயிர் நாடி ஒன்றே ஒன்று, அடிக்கிற சிலிண்டரின் வால்வு முழுக்க மூடியிருக்கவேண்டும். கிராங்கைக் கையால் ஸ்பேனர் போட்டுத் திருப்பி, வால்வு மூடியதைக் கேமராவில் பார்த்துவிட்டுத்தான் அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் தூள் சிலிண்டருக்குள் இறங்கிவிடும், அப்புறம் வேறு செலவு. என் வண்டி மூன்று சிலிண்டர், ஆறு இன்டேக் வால்வு. காலையில் பத்து மணிக்கு ஆரம்பித்தவர்கள் சாப்பாட்டு நேரம் தாண்டி முடித்தார்கள், நான் முழுக்கப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். புது கேஸ்கெட் போடச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள், பழையதையே திருப்பி மாட்டினால் காற்று உறிஞ்சி மறுபடியும் ஐட்லிங் கெடும்.

மிஷின் கிடைக்காத ஊரில் வேறு வழி, மூடிய வால்வு மேலே கரியை இளக்குகிற கரைசலை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைத்து, பிரஷ்ஷாலும் பிளாஸ்டிக் குச்சியாலும் சுரண்டி உறிஞ்சி எடுப்பது. இடுப்பு ஒடியும், ஆனால் வேலை நடக்கும். ஓடுகிற இன்ஜினில் காற்று வழியாக ஸ்ப்ரே அடிப்பதை மட்டும் நம் மாதிரி டர்போ வண்டியில் செய்ய விடாதே. பெரிய கட்டியாகப் பெயர்ந்தால் அது சிலிண்டர் வழியாகப் போய் டர்போவின் டர்பைன் இறக்கையில்தான் மோதும்.

இதெல்லாம் சொல்லும்போது எனக்கு உன் வீட்டுப் பின்கட்டு ஞாபகம். எஸ்டியின் சைலன்ஸரைக் கழற்றி, காஸ்டிக் சோடா போட்டு ஊறவைத்து, அப்படியும் போகாமல் விறகை மூட்டி நெருப்பில் போட்டோமே, தேயிலைத் தோட்டம் முழுக்கப் புகை போய், உங்கம்மா துடைப்பக்கட்டையோடு வந்தார்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலில் நாமே ஆயில் கலந்து ஊற்றிவிட்டுக் கரி வருகிறதே என்று புலம்பினோம். இப்போது ஆயில் தானாகவே வந்து கலக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

இனிமேல் படியாமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டாய். முழுக்கத் தடுக்க முடியாது, மெதுவாக்கலாம். நம் ஓட்டம்தான் பாதிக் காரணம், அதை முதலில் ஒத்துக்கொள்ளவேண்டும். வீட்டிலிருந்து பஜாருக்கு மூன்று கிலோமீட்டர், பேத்தியை ஸ்கூலில் விட இரண்டு கிலோமீட்டர், நடுவில் ஆற விடுவது. இந்தக் குளிரில் இன்ஜின் ஆயில் சூடாவதற்குள் சாவியைத் திருகிவிடுகிறோம். குளிர்ந்த இன்ஜின் பெட்ரோலை அதிகம் குடிக்கும், எரியாத பெட்ரோல் ரிங் வழியாக ஆயிலில் இறங்கும், உள்ளே ஈரம் வேர்க்கும், இதெல்லாம் ஆவியாக வால்வுக்குத்தான் போகும். டிசம்பரில் உன் ஆயில் மூடியைத் திறந்து பார், உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கும். அப்புறம் இறக்கம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இரண்டாவது கியரில் இறங்கும்போது, காற்றை உள்ளே விடுகிற த்ராட்டில் மூடியிருப்பதால் மேனிஃபோல்டில் நல்ல வாக்கம் உண்டாகி, ஸ்டெம் சீல் வழியாக ஆயிலை உறிஞ்சும். அதற்காக நியூட்ரலில் இறக்கித் தொலைக்காதே, பிரேக்கைவிட வால்வு ஒன்றும் பெரிதில்லை.

நான் செய்வது இதுதான். வாரத்தில் ஒரு நாளாவது கீழே இறங்கி முக்கால் மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டுகிறேன், ஆயிலில் இருக்கிற ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகட்டும் என்று. ஏற்கெனவே வெந்து ஒட்டினது இதனால் போகாது, 'ஹைவேயில் ஒரு மிதி மிதித்தால் எல்லாம் எரிந்துவிடும்' என்று சொல்கிறவர்களை நம்பாதே. புத்தகத்தில் பத்தாயிரம் கிலோமீட்டர் என்று போட்டிருந்தாலும் ஆயிலை ஐயாயிரத்திலோ ஆறு மாதத்திலோ மாற்றிவிடுகிறேன். புத்தகம் சொல்கிற கிரேடுதான், ஏபிஐ எஸ்பி என்று டப்பாவில் இருக்கவேண்டும். 2020-இல் வந்த தரம் அது, சின்ன டர்போ இன்ஜின்களில் குறைந்த வேகத்தில் வரும் தட்டலையும் மனதில் வைத்துச் செய்தது. ஆயிலில் மிச்சம் பிடிக்கிறவன்தான் பின்னால் வால்நட்டுக்குக் கொடுக்கிறான்.

கேட்ச் கேன் ஒன்றும் மாட்டினேன். பிசிவி குழாயின் நடுவில் வைக்கிற டப்பா, உள்ளே தடுப்புகள் இருக்கும், ஆயில் ஆவி அதில் மோதிக் கீழே சொட்டும். மழைக்காலத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்குத் திறந்தால் அரை டம்ளர், பால் காபி நிறத்தில், பெரும்பாலும் தண்ணீர். மார்ச்சில் பார்த்தால் கொஞ்சமாகத்தான் இருந்தது, ஆனால் கெட்டியான கறுப்பு ஆயில். வருகிறதையெல்லாம் அது பிடித்துவிடாது, ஸ்டெம் சீல் வழியாக வருவதற்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. காலி செய்ய மறக்கிற ஆளாக இருந்தால் மாட்டவே வேண்டாம், அடைத்துக்கொண்டால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி சீல்களைப் பிதுக்கிவிடும். வாரண்டி இருக்கிற வண்டியில் முதலில் கேட்டுக்கொள். உன்னை எனக்குத் தெரியும், ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு எடுக்க மறந்த ஆள் நீ.

டொயோட்டாக்காரன் 2005-லேயே சிலிண்டருக்குள் ஒன்று, வால்வு முதுகில் ஒன்று என்று இரண்டு இன்ஜெக்டரும் வைத்துச் செய்துவிட்டான், அதில் வால்வும் கழுவப்பட்டுவிடும். நம் விலை வண்டியில் அதை எதிர்பார்க்க முடியாது.

உன் வண்டி 38,000-தான் ஓடியிருக்கிறது, அதனால் என் அளவுக்கு மோசமாக இருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் பழைய வண்டியாக வாங்கினாய், முந்தையவன் ஆயில் எப்போது மாற்றினான் என்று யாருக்குத் தெரியும். வத்தலக்குண்டு இறங்குகிற அன்றைக்குக் கேமரா வைத்திருக்கிற பட்டறையாகப் பார்த்துக் காட்டு, முதலில் காயிலை இடம் மாற்றிப் பார்க்கச் சொல், அது காசில்லாத வேலை. படம் எடுத்து எனக்கு அனுப்பு, பாய் மகனிடம் காட்டிச் சொல்கிறேன்.

இல்லாவிட்டால் என் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடு, கோயம்புத்தூரில் நானே கூட வந்து ஸ்டூல் போட்டு உட்காருகிறேன். உன் கொடைக்கானல் மாதிரியே இங்கேயும் இ-பாஸ் உண்டு, அதை எடுத்துக்கொண்டு வா. வர்க்கி வாங்கி வைக்கிறேன். வரும்போது மலைவாழை ஒரு தார், அந்தப் பெருமாள்மலைக் காபிக்கொட்டை ஒரு கிலோ, வறுக்காததாக. கிளம்புவதற்கு முன்னால் போன் பண்ணு, மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்துகொண்டே இருக்கிறது.

உன்
மாப்ளே