கேட்டது வெட்டு வரிக் குழல், வந்தது வேறு குழல்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பொறுப்பாளர் அவர்கள்,
குழல் விற்பனைப் பிரிவு.

பொருள்: 42 அங்குல நீள, 50 காலிபர் (துளை விட்டம் அரை அங்குலம்) ஃப்ளின்ட்லாக் (சிக்கிமுக்கிக் கல்லின் தீப்பொறியால் வெடிக்கும்) ரைஃபிள் குழல், ஆர்டர் படிவத்தில் ஒப்புக்கொண்ட அளவுகளுக்கு மாறாக அனுப்பப்பட்டது; மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்களிடமிருந்து வந்த குழல் என் பட்டறை மேசையில் கிடக்கிறது. அதை இன்னும் துப்பாக்கியின் மரக்கட்டையில் பதிக்கவில்லை. ஸ்வாம்ப்டு குழலுக்குக் கட்டை குடைவது எவ்வளவு வேலை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பின்பக்கம் தடித்து, இடுப்பில் மெலிந்து, வாய்ப்பக்கம் மறுபடி விரியும் எண்கோணத்துக்கு ஏற்பக் குடைந்துவிட்டால், அந்தக் கட்டை வேறு எந்தக் குழலுக்கும் உதவாது. அதனால்தான் உளியை எடுப்பதற்கு முன் அளவு கருவிகளை எடுத்தேன். அளந்ததில் தெரிந்தவற்றை உங்கள் ஊழியர்களிடம் இருமுறை எழுதியும் பேசியும் ஆயிற்று. கிடைத்த பதில்கள் பதில்களாக இல்லாததால் இக்கடிதம்.

ஆர்டர் படிவத்தில் நான் குறித்தது, உங்கள் அலுவலகம் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டது இதுதான்: 50 காலிபர், வரி எனப்படும் உட்பள்ளங்களுக்கு 66 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு (ஒரு முழுச் சுற்று), பள்ளத்தின் ஆழம் 12 தவ் (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் 12 பங்கு), வட்ட அடியுள்ள 7 பள்ளங்கள், ஒவ்வொன்றும் கொக்கி உளியால் வெட்டப்பட்டது, வெட்டுவதற்கு முன் எஃகுக்கு அழுத்த நீக்கம். இதில் ஒன்றும் விசித்திரமான கோரிக்கை இல்லை. துணி சுற்றிய உருண்டைக் குண்டு சுடுகிறவர்கள் பல தலைமுறைகளாகக் கேட்டுவரும் அளவுகள்தான்.

முதலில் முறுக்கு. குண்டை உள்ளே தள்ளும் கெஜக்கோலின் முனையில் இறுக்கமாகத் துணி சுற்றி, கோலில் ஒரு நாடாத் துண்டை ஒட்டி, பிடி தனியாகச் சுழலும்படி விட்டுக் குழலுக்குள் தள்ளினேன். 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால், பதினாறரை அங்குலம் உள்ளே போகும்போது நாடா கால் சுற்றுத் திரும்ப வேண்டும். இதில் 12 அங்குலத்திலேயே திரும்பிவிட்டது. அதாவது 48 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு. துணியை மாற்றி, வேறு ஆளை வைத்துத் தள்ளிப் பார்த்தபோதும் அதே 12 அங்குலம்தான்.

நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: 48 முறுக்கில் உருண்டைக் குண்டு நேராகப் போகாது என்று நான் வாதிடவில்லை. அது பலர் நம்பும் கட்டுக்கதை. மருந்தைக் குறைத்துக் கெட்டித்தால் அந்த முறுக்கிலும் நல்ல குழல் நன்றாகவே சுடும். உருண்டைக்கு நீளம் கிடையாது, விட்டம் மட்டுமே உண்டு. நீளக் குண்டைப்போல அது தலைகுப்புறக் கவிழ்ந்துவிடுமோ என்ற கவலை இல்லாததால் கொஞ்சம் சுழற்சியே போதும். நான் 66 கேட்டதற்குக் காரணம் மான் வேட்டைக்கான மருந்து அளவு. 177 கிரெயின் (சுமார் பதினொன்றரை கிராம்) எடையும் 490 தவ் விட்டமும் உள்ள குண்டுக்குப் பின்னால் 70, 80 கிரெயின் கருமருந்து வைக்கும்போது, வேகமான முறுக்கும் ஆழமில்லாத பள்ளமும் சேர்ந்தால் துணி பிடியை விட்டு நழுவக்கூடும். மெல்ல முறுகும் ஆழப் பள்ளம் அந்த அளவைத் தாங்கும். 1860களில் நம் மத்திய இந்தியக் காடுகளில் வேட்டையாடிய கேப்டன் ஜேம்ஸ் ஃபோர்சைத், 14 போர் (ஒரு பவுண்டு ஈயத்தில் 14 குண்டு வரும் அளவு) ரைஃபிளுக்கு 104 அங்குலத்துக்கு ஒரு முறுக்கே போதும் என்று கணக்குப் போட்டு எழுதியவர். அவரோடு ஒப்பிட்டால் என் 66 மிதமானது. ஆர்டர் எடுத்தவர் என்னிடம் “இவ்வளவு மெதுவான முறுக்கு எதற்கு?” என்று கேட்டபோதே எனக்குச் சற்று உறுத்தியது.

அடுத்து பள்ளம். கைதேர்ந்த துப்பாக்கித் தச்சர் ஒருவரைக் கொண்டு குழலின் பின்வாயை அடைக்கும் பின்மூடியைக் கழற்றி, மென்மையான ஈயத்துண்டு ஒன்றைக் குழலுக்குள் அடித்து இறக்கி வெளியே எடுத்தோம். பள்ளத்துக்குப் பள்ளம் விட்டம் 512 தவ். பள்ளங்களுக்கு இடையே உள்ள மேடுகளில், மேட்டுக்கு மேடு 500. ஆக ஆழம் 6 தவ், கேட்டதில் பாதி. நான் பயன்படுத்துவது 18 தவ் தடிமனுள்ள திண்டுத் துணி. 12 தவ் பள்ளத்தில் குண்டுக்கும் பள்ளத்தின் அடிக்கும் நடுவே 17 தவ் இடம் இருக்கும். 18 தவ் துணி அதில் பாந்தமாக அமர்ந்து, காற்றையும் நெருப்பையும் அடைக்கும். 6 தவ் பள்ளத்தில் இருப்பது 11 தவ் மட்டுமே. அதே துணியைத் திணித்தால் கெஜக்கோல் ஒடியும் அளவுக்கு இறுகும். துணியை மெல்லியதாக்கினால் அடுத்துச் சொல்லப்போகும் குறை இரட்டிப்பாகும்.

அந்தக் குறைதான் எல்லாவற்றிலும் பெரியது. அதே ஈயத்துண்டைப் பின்பக்கத்திலிருந்து மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனால், முதல் ஓர் அடிக்கு ஒரே சீரான இறுக்கம். குழல் வெளியே மெலியத் தொடங்கும் இடத்துக்கு வந்ததும் இறுக்கம் குறைகிறது. இடுப்பில் கோலை விட்டுவிட்டுக் குழலைச் சாய்த்தால், துண்டு தன் எடையிலேயே வழுக்குகிறது. வாய்ப்பக்கம் விரியத் தொடங்கியதும் மறுபடி பிடித்துக்கொள்கிறது. உள்விட்டக் கேஜில் பார்த்தால் பின்பக்கம் 500, இடுப்பில் 503, வாயருகே ஏறக்குறைய 500. வெளியே மெலிந்த இடத்தில் உள்ளே அகன்றிருக்கிறது. எங்கே மெலிவோ அங்கே அகலம் என்பது தற்செயலாக நடக்கக்கூடியதா?

பட்டன் முறையில் வரி போட்டவர்களுக்கு இது பழைய கதை. கடின உலோகப் பட்டனைத் துளைக்குள் இழுத்து, எஃகை வெட்டாமல் அழுத்தி நகர்த்தியே பள்ளம் உண்டாக்குகிறார்கள். அப்படி நகர்த்திய எஃகுக்குள் அழுத்தம் தேங்கி நிற்கும். அதை உலையில் நீக்காமல் வெளிப்புறத்தைச் சீவினால், சீவிய இடத்தில் துளை விரிந்துகொள்ளும். நேரான எண்கோணக் குழலில் இந்த விரிவு முழு நீளத்துக்கும் ஒன்றாக இருந்துவிட்டால் பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஸ்வாம்ப்டு குழலில் இடுப்பில்தான் நிறைய எஃகு சீவப்படுகிறது; அங்கேதான் துளையும் வயிறு வைக்கிறது. கொக்கி உளியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிய குழலில் இந்த உபாதை அநேகமாக இல்லை. அதற்காகத்தானே காத்திருப்புக் காலம் அதிகம் என்று நீங்கள் சொன்ன பிறகும் வெட்டு முறையையே கேட்டேன்.

“எங்கள் குழல் வெட்டு முறையில் செய்ததுதான்” என்று உங்கள் மின்னஞ்சல் சொல்கிறது. மன்னிக்க வேண்டும், குழல் வேறு சொல்கிறது. உளி ஓடிய பள்ளத்தின் அடியில் நீளவாக்கில் மெல்லிய கீறல்கள் இருக்கும். துளைநோக்கிக் கேமராவில் உங்கள் குழலைப் பார்த்தால், பள்ளத்தின் அடியிலும் ரீமர் (வரி போடும் முன் துளையைச் சீராக்கும் கருவி) விட்டுச் சென்ற குறுக்கு வட்டக் கோடுகள் நசுங்கிப் பளபளத்துக் கிடக்கின்றன. உளி அந்த வழியே போயிருந்தால் ரீமர் கோடுகளைச் சீவி எறிந்திருக்கும். 12 தவ் ஆழத்தைப் பட்டனால் எடுப்பது கடினம், 6 எளிது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். படங்களை இணைத்துள்ளேன். வேறு யாருக்கோ செய்து வைத்த குழலின் வெளிப்புறத்தை என் படிவத்துக்கு ஏற்பச் சீவி அனுப்பியிருக்கிறீர்கள் என்றே நான் முடிவுக்கு வந்திருக்கிறேன். தவறென்றால் என் ஆர்டருக்கான வேலைச் சீட்டை அனுப்பி மறுக்கலாம்.

இன்னொன்று, சிறியதுதான். வாயில் துளை மையத்திலிருந்து சற்று விலகியிருக்கிறது. நீளக் குழலில் துரப்பணம் கொஞ்சம் அலைவது இயல்பு, அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் விலகல் எந்தப் பக்கம் என்று பார்த்து, அது மேலாகவோ கீழாகவோ வரும்படி முகத்தைத் தேர்ந்தெடுத்துப் பிறகு குழலைக் கட்டையோடு பிணைக்கும் அடிப்பக்கக் கொளுவிகளுக்கு டவ்டெயில் (புறாவால் வடிவக் காடி) வெட்டுவதுதான் வழக்கம். மேலும் கீழும் உள்ள பிசகை, குறிபார்க்க வாயருகே வைக்கும் முன்குறியை அராவிச் சரிசெய்துவிடலாம். நீங்கள் டவ்டெயில்களை வெட்டியிருக்கும் நிலையில் விலகல் சரியாக இடப்பக்கம் வருகிறது. முன்குறியைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி வைக்க வேண்டியதுதான். விலைப்பட்டியலில் “துல்லியம்” என்ற சொல்லை இத்தனை முறை அச்சிடுகிறவர்கள் செய்யும் வேலையா இது?

உங்கள் ஊழியர்களின் பதில்களுக்கு வருகிறேன். “சுட்டுப் பார்க்காமலே குறை சொல்கிறீர்கள், இருநூறு முறை சுடுங்கள், குழல் பழகிவிடும்” என்றார் ஒருவர். புதுக் குழல் பழகும் என்பது உண்மைதான். மேடுகளின் ஓரம் கூராக இருந்தால் துணியை அறுக்கும். சுடச்சுட அந்த ஓரம் மழுங்கி, சுட்டபின் தரையில் பொறுக்கும் துணிகள் முழுதாக வரத் தொடங்கும். பழகுவதால் ஆகக்கூடியது அவ்வளவுதான். 503 ஆக விரிந்த இடுப்பு எத்தனை ஆயிரம் முறை சுட்டாலும் 500க்குச் சுருங்காது. மருந்து பற்றியதும் குண்டு அந்த இடத்தைக் கடக்கும்போது, தளர்ந்த துணியைத் தாண்டி நெருப்பு முன்னே பாயும், துணி பொசுங்கும், ஒவ்வொரு முறையும் வேகம் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

சுட்டுப் பார்க்கச் சொன்னவர் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. சுட வேண்டுமானால் கட்டையில் பதிக்க வேண்டும், மருந்துக்குத் தீ செல்லும் பற்றுவாய்த் துளை போட வேண்டும், தீப்பொறி எழுப்பும் லாக்கைப் பொருத்த வேண்டும். உங்கள் பில்லின் பின்பக்கத்திலோ, துளையிட்ட குழலைத் திரும்பப் பெற மாட்டோம் என்று அச்சிட்டிருக்கிறது. பின்மூடியைக் கழற்றினாலும் உத்தரவாதம் போய்விடுமாம். கழற்றாமல் உள்விட்டத்தை முழு நீளத்துக்கும் சரியாக அளக்க வழியில்லை. ஆக, குறையைக் கண்டுபிடிக்கும் எந்தச் செயலைச் செய்தாலும் குறை சொல்லும் உரிமை பறிபோகும்படி விதிகளை எழுதி வைத்திருக்கிறீர்கள். இது உத்தரவாதமே இல்லை. பின்மூடி எந்தச் சேதமும் இல்லாமல், குழலின் மேல் உள்ள அடையாளக் கோட்டோடு சரியாகப் பொருந்தும்படி திரும்ப முடுக்கப்பட்டிருக்கிறது; அதன் படமும் இணைப்பில் உண்டு.

இன்னொருவர் “ஈயமும் உராய்பொடியும் கொண்டு உள்ளே தேய்த்துச் சமன்செய்து தருகிறோம்” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். இடுப்பு 503 என்றால் மற்ற இடங்களையும் 503 வரை தேய்த்தால்தான் சமனாகும். எவ்வளவு தேய்த்தாலும், ஏற்கெனவே பாதியாக உள்ள பள்ளத்தின் ஆழம் கூடப்போவதில்லை. முறுக்கைத் தேய்த்து மாற்ற முடியாது. எனவே இந்த யோசனை வேண்டாம்.

விலைத் தள்ளுபடி தருகிறோம், வைத்துக்கொள்ளுங்கள் என்ற கடைசி மின்னஞ்சலும் கிடைத்தது. விலை அதிகம் என்று நான் எங்கேயும் முறையிடவில்லை. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பின் வரும் ஃப்ளின்ட்லாக் மான் பருவத்துக்கு எடுத்துப்போக ஒரு ரைஃபிள் கட்டுகிறேன். லாக் ஒழுங்காகத் தீப்பொறி தெறித்தாலும், கட்டை தோளில் ஒட்டி உட்கார்ந்தாலும், குழல் மட்டும் சரியில்லையென்றால் மற்ற வேலையெல்லாம் சுவரில் மாட்டி வைக்கத்தான் ஆகும்.

ஆகவே கோருவது: படிவத்தில் உள்ள அளவுகளிலேயே, வெட்டு முறையில், அழுத்த நீக்கம் செய்த எஃகில் புதிய குழல் ஒன்று. வெளி வடிவம் இப்போதுள்ளதற்கு இணையாக இருக்க வேண்டும், கட்டையை அதற்கென்றே தேர்ந்தெடுத்திருக்கிறேன். அதோடு பின்பக்கம், இடுப்பு, வாய் ஆகிய மூன்று இடங்களிலும் அளந்த மேட்டு விட்டம், பள்ள விட்டம், அளந்த முறுக்கு, துளை விலகலின் அளவும் திசையும் எழுதிக் கையொப்பமிட்ட தாள் வேண்டும். டவ்டெயில்களை நானே வெட்டிக்கொள்கிறேன், நீங்கள் தொட வேண்டாம். பழைய குழலை அனுப்பும் செலவும் புதியது வரும் செலவும் உங்களுடையது. இது இயலாதென்றால், குழலின் முழு விலையையும், பின்மூடி பொருத்தியதற்கும் டவ்டெயில் வெட்டியதற்கும் வாங்கிய கூலியையும், அனுப்புச் செலவையும் திருப்பித் தர வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் இரண்டில் எது என்று எழுத்து மூலம் தெரிவியுங்கள். தொலைபேசியில் வேண்டாம். பதில் வராவிட்டால், பணம் செலுத்திய வங்கி அட்டை நிறுவனத்திடம் ஒப்புக்கொண்ட பொருள் வரவில்லை என்று தகராறு பதிவு செய்து, படிவம், அளவுகள், படங்கள் அனைத்தையும் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் அனுப்புவேன். அதுவரை குழலைத் துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். உங்கள் பிரதிநிதி நேரில் வந்து அளக்க விரும்பினால் அளக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஆர்டர் படிவ நகல், அளவுக் குறிப்பு, துளைநோக்கிக் கேமராப் படங்கள், பின்மூடியின் படம், இதுவரையிலான மின்னஞ்சல்கள்.